படிக்கட்டே இல்லாத மாடி: அம்பேத்கர் சொன்ன படிநிலை ஏற்றத்தாழ்வுன்னா என்ன?

போன மாசம் பீரோவை ஒழிச்சுகினு இருந்தப்ப என்னோட பழைய சாதி சர்டிபிகேட் கெடச்சது. ஆறாங்கிளாஸ் சேர்றதுக்காக அப்பா தாலுகா ஆபீஸுக்கு நாலு நடை நடந்து வாங்கினது. ஓரமெல்லாம் பழுப்பு ஏறி, மடிப்புல கிழிஞ்சு, செல்லோ டேப் ஒட்டி கெடக்கு. மேல அச்சுல "வடஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்"னு இருக்கு, நாலு வரி கீழ பேனாவுல என் சாதி பேரு. சாதியே இருக்கக் கூடாதுன்னவரு பேரும் சாதி பேரும் ஒரே காயிதத்துல, நடுவுல ஒரு ரவுண்டு சீலு. கொஞ்ச நேரம் அதையே பாத்துகினு உக்காந்துட்டேன்.

இப்ப இருக்கற பசங்களுக்கு இது தெரியாது. 1989 செப்டம்பர்ல பழைய வடஆற்காட்டை ரெண்டா பிரிச்சாங்க, ஒண்ணு திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம், இன்னொண்ணு வேலூரைத் தலைநகரா வெச்சு வடஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். அப்பால 1997ல தெற்கே ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பேரை வெச்சாங்கன்னு கலவரமே ஆகி, ஒரு தலைவர் பேரும் வேணாம்டா சாமின்னு அரசாங்கம் மாவட்டம், பஸ்ஸு எல்லாத்துல இருந்தும் பேரை எடுத்துடுச்சு. வேலூர் பஸ்ஸுல இருந்த பட்டுக்கோட்டை அழகிரி பேரும் அப்பதான் போச்சு. கிட்டத்தட்ட அதே சமயத்துல நம்ம மாவட்டமும் வெறும் வேலூர் மாவட்டம் ஆச்சு, 2019ல அதுவும் மூணா உடைஞ்சு ராணிப்பேட்டை, திருப்பத்தூர் தனியா போயிடுச்சு. தாழ்த்தப்பட்ட சமூகத்துல பொறந்த ஒருத்தர் பேரு போட்ட பஸ்ல ஏற மாட்டேன்னு மனுஷங்க சண்டை போட்டாங்க, அதுவும் ரொம்ப பழைய கதை இல்ல, நான் ஸ்கூல் படிக்கறப்ப நடந்தது.

சரி, விஷயத்துக்கு வரேன். குடியாத்தம் பக்கத்துல ஒரு கிராமத்துல சாயங்காலம் குரூப் 4 எழுதற பசங்களுக்கு நான் கிளாஸ் எடுக்கறேன், ஃபீஸ் எல்லாம் இல்ல, சும்மா ஒரு பழக்கம். அம்பேத்கரைப் பத்தி எது கேட்டாலும் டக்கு டக்குனு சொல்லுவாங்க. பொறந்தது 1891 ஏப்ரல் 14, ஊரு மாவ், அரசியலமைப்பு வரைவுக் குழுத் தலைவர், பாரத ரத்னா 1990. ஒரு நாள் ஒரு பையன் கேட்டான், "சார், இதெல்லாம் மனப்பாடமா தெரியும், ஆனா அவரு அப்படி புதுசா இன்னா சார் சொன்னாரு? சாதி தப்புன்னு தான் எல்லாரும் சொல்றாங்களே." நல்ல கேள்வி. சாதி தப்புன்னு சொன்ன பெரியவங்க அவருக்கு முன்னாடியும் நிறைய பேரு இருந்தாங்க. அவரு செஞ்சது வேற, சாதிங்கற மிஷினைக் கழட்டி, உள்ள எந்தப் பல்லு எந்தப் பல்லைத் திருப்புதுன்னு காமிச்சாரு. அதுல முக்கியமான பல்லுதான் படிநிலை ஏற்றத்தாழ்வு.

பேரு கேட்டா பயமா இருக்கு, விஷயம் சிம்பிள். நாம பொதுவா ஏற்றத்தாழ்வுன்னா மேல ஒருத்தன், கீழ ஒருத்தன், அவ்ளோதான்னு நினைக்கறோம். பணக்காரன் ஏழை, முதலாளி தொழிலாளி. ஒரு டேனரியை, அதாவது தோல் பதனிடற ஃபேக்டரியை எடுத்துக்குங்க, முதலாளி ஒருத்தரு, வேலை செய்யறவங்க 200 பேரு. கூலி பத்தலன்னா 200 பேரும் கேட்டாண்ட உக்காந்துட்டா முதலாளி இறங்கி வந்துதான் ஆவணும், ஏன்னா 200 பேருக்கும் நஷ்டம் ஒரே நஷ்டம். சாதி அப்படி கிடையாது. அதுல மேல கீழன்னு ரெண்டு தட்டு இல்ல, ஏகப்பட்ட தட்டு. உச்சியில இருக்கறவனைத் தவிர எல்லாருக்கும் தலைக்கு மேல ஒருத்தன் இருக்கான், அடியில இருக்கறவனைத் தவிர எல்லாருக்கும் காலுக்கு கீழ ஒருத்தன் இருக்கான். மேல போவப் போவ மரியாதை கூடிகினே போவும், கீழ வர வர கேவலம் கூடிகினே வரும்.

இதுல இன்னா சூட்சுமம்னா, நடுவுல இருக்கற எல்லாருக்கும் மேல இருக்கறவன் மேல கோவம் இருக்கு, ஆனா படிக்கட்டையே இடிக்கலாம்னு கூப்பிட்டா வர மாட்டான். இடிச்சா இவன் காலுக்கு கீழ இருக்கறவன் இவன் பக்கத்துல வந்து நின்னுடுவானே. மேல இருக்கறவன் சமமா நடத்தணும், கீழ இருக்கறவன் சமமா வரக் கூடாது. அவமானமும் உண்டு, அதோட சேர்ந்து ஒரு சின்ன லாபமும் உண்டு, அந்த லாபத்துக்காக அவமானத்தைப் பொறுத்துக்குவான். முழு நஷ்டம் கட்டக் கடைசியில இருக்கறவனுக்கு மட்டும்தான். அதனாலதான் இத்தனை நூறு வருஷமா இது ஆடாம நிக்குதுன்னாரு அம்பேத்கர். இதுக்குன்னு தனியா போலீஸ், பட்டாளம் எதுவும் தேவையில்ல, ஒவ்வொரு தட்டும் தனக்கு கீழ இருக்கற தட்டைக் காவல் காக்கும்.

1920 ஜனவரி 31ல மூக்நாயக்னு ஒரு மராத்தி பத்திரிகை ஆரம்பிச்சாரு, ஊமைகளோட தலைவன்னு அர்த்தம், கோலாப்பூர் ராஜா சாகு மகராஜ் 2500 ரூபா குடுத்து உதவினாரு. மொத இதழ்லயே எழுதினாரு, இந்து சமூகம்ங்கறது பல மாடி கட்டடம், ஆனா ஒரு மாடிக்கும் இன்னொரு மாடிக்கும் ஏணி கிடையாது, எந்த மாடியில பொறந்தியோ அங்கயே சாவணும். கீழ் மாடியில இருக்கறவன் எவ்ளோ தகுதியானவனா இருந்தாலும் மேல ஏற முடியாது, மேல் மாடியில இருக்கறவன் எவ்ளோ மோசமானவனா இருந்தாலும் யாரும் கீழ தள்ள முடியாது. அப்ப அவருக்கு 28 வயசு.

இது புஸ்தகத்துல இருக்கற விஷயம்னு விட்டுட முடியாது. 2014ல காட்பாடி பக்கம் வாடகைக்கு வீடு தேடிகினு இருந்தேன். ஒரு வீடு ரொம்ப புடிச்சிருந்தது, மாடி போர்ஷன், காத்து நல்லா வரும். வீட்டுக்காரரு நல்ல மனுஷன், உக்கார வெச்சு காபி எல்லாம் குடுத்தாரு. பேசிகினே இருக்கறப்ப அவங்க தாத்தா காலத்துக் கதையை சொன்னாரு, ஊர்ல அய்யருங்க தெரு வழியா போவணும்னா செருப்பைக் கழட்டி கையில எடுத்துக்கணுமாம், துண்டை இடுப்புல கட்டிக்கணுமாம், "இன்னா காலம் சார் அது, மனுஷனை மனுஷனா மதிக்காத காலம்"னு சொல்லறப்ப அவருக்கு குரலே மாறிடுச்சு. எனக்கும் கஷ்டமா இருந்தது. அடுத்த நிமிஷம் கேட்டாரு, "சார் எந்த ஊரு?" சொன்னேன். "அட, தெரியுமே. மெயின் ரோட்ல இருந்து உள்ள போனா ஒரு மாரியம்மன் கோயில் வரும்ல? வீடு கோயிலுக்கு முன்னாடியா, தாண்டியா?"

நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு இந்தக் கேள்விக்கு விளக்கம் தேவையில்ல. ஊர்னா ஊரு, காலனின்னா காலனி, நடுவுல ஒரு கோயிலோ ஏரிக்கரையோ ரோடோ இருக்கும். தாண்டின்னு சொன்னேன். "பையன் வந்து பாத்துட்டு போன் பண்ணுவான் சார்"னாரு. பண்ணல. ரெண்டு வாரம் கழிச்சு அந்தப் பக்கம் பைக்ல போனப்ப டு-லெட் போர்டு அப்படியே தொங்கிகினு இருந்தது. ரொம்ப நாளா எனக்கு அவரு மேல கோவம்தான். செருப்பைக் கையில தூக்கின வலி தெரிஞ்ச மனுஷன் எப்படி அடுத்த மூச்சுல அந்தக் கேள்வியைக் கேட்டாருன்னு புரியவே இல்ல. அம்பேத்கரைப் படிச்சப்பதான் புரிஞ்சது, அவரு பொய் நடிக்கல, ரெண்டுமே நிஜம். அவரு நின்ன தட்டு அப்படி.

வீட்டு விஷயம்னதும் ஒண்ணு சொல்லிடறேன். அம்பேத்கர் அமெரிக்காவுல கொலம்பியா யுனிவர்சிட்டியில படிச்சு, லண்டன்லயும் படிச்சுட்டு 1917ல பரோடா சமஸ்தானத்துல வேலைக்கு வராரு. தங்கறதுக்கு இடம் இல்ல. பார்சிக்காரங்க சத்திரம் ஒண்ணுல பொய்ப் பேரு குடுத்து தங்கறாரு. பதினோராவது நாள் காலையில ஆபீஸுக்குக் கிளம்பறப்ப ஒரு கும்பல் கம்போட மாடி ஏறி வந்து, சத்திரத்தைத் தீட்டாக்கிட்டேன்னு சொல்லி சாயங்காலத்துக்குள்ள காலி பண்ணச் சொல்லிட்டாங்க. தேம்பி அழுதேன்னு அவரே எழுதியிருக்காரு. கவனிங்க, பார்சிங்க இந்துவே கிடையாது. படிக்கட்டு வேற வீட்டுக்காரனுது, ஆனா இங்க வந்து குடியேறினவங்களுக்கும் ஏறி நிக்க ஒரு படி கெடச்சிருக்கு.

இப்ப எங்க வீட்டுக் கதை, இதைச் சொல்லாம மேல இருக்கறவங்களை மட்டும் சொல்லிகினு இருந்தா அது நியாயம் இல்ல. எங்க ஆயா சின்ன வயசுல ஊர் டீக்கடையில கொட்டாங்குச்சியில டீ குடிச்சவங்க. அதை என்கிட்ட சொல்லறப்ப எல்லாம் "அந்தக் கடைக்காரன் கை வெளங்காம போவ"ன்னு சாபம் வுடும். அதே ஆயா, மல்லாட்டை அறுப்பு சமயத்துல எலி புடிக்க வர இருளருக்கு கூழ் ஊத்தறதுக்குன்னு ஒரு நசுங்கின அலுமினியச் சொம்பை எறவாணத்துல சொருகி வெச்சிருந்தது. வேற யாரும் அதுல தண்ணி கூட குடிக்க மாட்டோம். நான் ஒரு தபா விளையாட்டுக்கு அதை எடுத்து தண்ணி மொண்டேன்னு முதுகுல வெச்சுது ஒண்ணு. ஏன் ஆயான்னு கேட்டதுக்கு "அவுங்க வேற நாம வேற"ன்னது. டீக்கடைக்காரன் ஆயாகிட்ட சொன்னதும் அதேதான்.

எங்க ஆயா கெட்டவங்க இல்ல, அந்த இருளரு வரலன்னா "பாவம் இன்னா ஆச்சோ"ன்னு தேடும். அதனாலதான் தனி மனுஷன் நல்லவனா கெட்டவனான்னு பாத்து இதைத் தீக்க முடியாதுன்னு அம்பேத்கர் சொல்றாரு. சாதி செங்கல் வெச்சு கட்டின சுவரு இல்ல, அது மனசுல இருக்கற ஒரு நெனப்பு. செவுத்தை இடிக்க கடப்பாரை போதும், இதுக்கு அது பத்தாது.

சரி, இத்தனை தட்டும் ஒண்ணோட ஒண்ணு கலக்காம எப்படி தனித்தனியா நிக்குது? இதுக்கு பதிலை அவரு 25 வயசுலயே சொல்லிட்டாரு. 1916 மே மாசம் கொலம்பியாவுல ஒரு செமினார்ல கட்டுரை படிச்சாரு, சாதியோட உசிர்நாடி அகமணம், அதாவது தன் சாதிக்குள்ளயே கல்யாணம் பண்றதுன்னு. ஒண்ணா சாப்பிடறது, ஒண்ணா பஸ்ல போறது இதெல்லாம் மாறிடும், கல்யாணம் மாறாத வரைக்கும் தட்டு கலையாது. அந்தக் கட்டுரையில இன்னொரு இடம் இருக்கு, படிக்கறப்ப தூக்கிப் போடும். சாதிக்குள்ளயே கல்யாணம் நடக்கணும்னா ஆம்பள பொம்பள எண்ணிக்கை சரியா இருக்கணும், புருஷன் செத்துட்டா பொம்பள ஒருத்தி கூடுதலா நிப்பா, அவ வேற சாதிக்காரனைக் கட்டிட்டா கட்டு அவுந்துடும், அதனாலதான் உடன்கட்டை, அதனாலதான் விதவைக்கு மறுமணம் கூடாது, பொண்டாட்டி செத்த ஆம்பளைக்கு சாதிக்குள்ளயே ஜோடி வேணும்னுதான் குழந்தைக் கல்யாணம்னு கணக்குப் போட்டு காமிக்கறாரு. சாதியைக் காப்பாத்தற பூட்டை பொண்ணு மேலதான் போடறாங்கன்னு காமிக்கறாரு. இன்னைக்கு பொண்ணு வேற சாதிப் பையனைக் கட்டினா அப்பன் அண்ணனே வெட்டறான், பையன் கட்டினா ஒரு சண்டையோட முடியுது சில வீட்ல, கீழ் தட்டுப் பையன்னா முடியாது. அந்தக் கணக்கு இன்னும் அப்படியேதான் ஓடுது. வாட்ஸ்அப்ல நம்ம ஆளுங்க மணமாலைன்னு சாதிக்கு சாதி குரூப் வெச்சிருக்கோம், அட்மின் எல்லாம் இன்ஜினியருங்க.

1936ல லாகூர்ல ஜாத் பாத் தோடக் மண்டல்னு சாதி ஒழிப்புக்குன்னே இருந்த ஒரு அமைப்பு அவரைத் தலைமை உரைக்கு கூப்பிட்டாங்க. உரையை முன்கூட்டியே பாத்துட்டு பயந்துட்டாங்க. சாதி தப்புன்னு சொல்லுங்க, ஆனா அதுக்கு ஆதாரமா இருக்கற சாஸ்திரத்தையே தொடறீங்களேன்னு. ஒரு கமா கூட மாத்த மாட்டேன்னாரு, கூட்டமே ரத்தாச்சு. தன் கைக்காசுல 1500 காபி அச்சடிச்சாரு, சீக்கிரமே பெரியாரோட குடிஅரசுல தமிழ்ல வந்தது. சாதிங்கறது வேலையைப் பிரிச்சுக்கறது இல்ல, வேலைக்காரங்களைப் பிரிச்சு வெக்கறதுன்னு அதுலதான் சொல்றாரு. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைன்னு பாலாறு ஓரமா தோல் தொழில்ல இருக்கறவங்களுக்கு இது சொன்னவுடனே புரியும். உப்புப் போட்ட பச்சைத் தோலைத் தோள்ல தூக்கிப் போட்டு சுண்ணாம்புத் தொட்டியில இறங்கற ஆளு யாரு, முடிஞ்ச தோலை ஏசி ரூம்ல தடவிப் பாத்து கிரேடு போடற ஆளு யாருன்னு ஒரு நடை உள்ள போய் பாத்தா தெரிஞ்சிடும். ரெண்டும் வேலைதான், அதுல இவன் அந்த வேலைக்குப் போவலாமாங்கறதுக்கு பதில் அவன் பொறக்கறதுக்கு முன்னாடியே எழுதி வெச்சிருக்கு.

அவரு ஒரு சாதிக்கான தலைவர்தானேன்னு சொல்றவங்களுக்கு ஒரு தகவல். ஃபேக்டரியில வாரத்துக்கு 54 மணி நேரம்னு இருந்த வேலையை 48ஆ குறைக்கற சட்டத் திருத்தம் 1946ல வந்தது, அப்ப வைசிராய் கவுன்சில்ல தொழிலாளர் துறை உறுப்பினர் இவருதான். ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு காலையில வேன்ல அடைஞ்சு போற அத்தனை அக்காங்களுக்கும், அவங்க எந்தத் தட்டுல இருந்து வந்தாலும், அதுல பங்கு இருக்கு. பொண்ணுங்களுக்கு சொத்து, விவாகரத்து உரிமை குடுக்கற இந்து சட்ட மசோதாவை இழுத்தடிக்கறாங்கன்னுதான் 1951ல மந்திரி பதவியை விட்டாரு.

நம்ம பக்கத்துக்கும் அவருக்கும் இருக்கற தொடர்பு சிலையோட ஆரம்பிச்சது இல்ல. வடஆற்காட்டுல இருந்து ஏகப்பட்ட குடும்பங்க கோலார் தங்கவயலுக்கு சுரங்க வேலைக்குப் போனாங்க, எங்க ஆயாவோட அண்ணனும் போனவருதான். ஊர்ல பண்ணையாருகிட்ட கை கட்டி நின்னவன் அங்க பாதாளத்துல உசிரைப் பணயம் வெச்சாலும் மாசச் சம்பளம்னு ஒண்ணைப் பாத்தான், லீவுக்கு ஊருக்கு வரப்ப செருப்பும் சட்டையும் போட்டுகினு வந்தான். அயோத்திதாசப் பண்டிதர் 1907ல ஆரம்பிச்ச ஒரு பைசாத் தமிழன் பத்திரிகையை அங்கதான் உக்காந்து படிச்சாங்க, அவரோட சாக்கிய பௌத்த சங்கம் தங்கவயல்ல வேர் விட்டது. அம்பேத்கர் 1956 அக்டோபர்ல நாக்பூர்ல பௌத்தம் தழுவறதுக்கு அரை நூற்றாண்டு முன்னாடி நம்ம ஆளுங்க புத்தரைப் பத்தி பேசிகினு இருந்தாங்க. 1954ல அம்பேத்கரே தங்கவயலுக்கு வந்தாரு. அந்த சுரங்கக் குடும்பங்க வழியாதான் எங்க பக்கத்து வீடுங்கள்ல அவரு போட்டோ ஏறிச்சுன்னு பெரியவங்க சொல்லுவாங்க.

இப்ப பசங்க அடிக்கடி கேக்கற கேள்வி, ரிசர்வேஷன்ல எதுக்கு இத்தனை பிரிவு? தமிழ்நாட்டுல 69 சதவீதம்: பிற்படுத்தப்பட்டவங்களுக்கு 30, அதுக்குள்ள முஸ்லிம்களுக்கு 3.5. மிகவும் பிற்படுத்தப்பட்டவங்களுக்கு 20. பட்டியல் சாதிக்கு 18, அதுக்குள்ள 2009ல இருந்து அருந்ததியருக்கு 3. பழங்குடிக்கு 1. இதை வெறும் நம்பரா மனப்பாடம் பண்ணா மறந்துடும். படிக்கட்டா பாத்தா மறக்காது. கீழ இருக்கறவங்க எல்லாரும் ஒரே அளவு கீழ இல்லங்கறதைத்தான் அந்தப் பிரிவுங்க ஒத்துக்குது. 2024 ஆகஸ்ட் 1ல உச்ச நீதிமன்றத்தோட ஏழு நீதிபதிங்க அமர்வும் பட்டியல் சாதிக்குள்ள உள் ஒதுக்கீடு குடுக்கலாம்னு சொல்லிடுச்சு. எங்க ஆயாவோட அலுமினியச் சொம்பு ஞாபகம் இருக்கறவனுக்கு இந்தத் தீர்ப்பு ஏன்னு கேக்கத் தோணாது. "எங்களுக்குள்ள ஏன் பிரிக்கறீங்க"ன்னு என் சொந்தக்காரங்களே கோவமா பேசறாங்க, கேட்டுகினு இருக்கறப்ப எனக்கு காட்பாடி வீட்டுக்காரரு குரல்தான் கேக்குது.

"அப்ப சாதி சர்டிபிகேட்டே வேணாம்னு கிழிச்சுப் போட்டா சாதி போயிடுமா?" இதுவும் கேப்பாங்க. திருப்பத்தூர்ல ஒரு பெண் வக்கீல் 2019 பிப்ரவரியில சாதி மதம் அற்றவர்னு தாசில்தார்கிட்ட சான்றிதழே வாங்கினாங்க, பல வருஷம் விடாம அலைஞ்சு. எனக்கு அவங்க மேல பெரிய மரியாதை. ஆனா எல்லாரும் அதை வாங்கிட்டா சரியாயிடும்னு நான் நம்பல, காட்பாடி வீட்டுக்காரரு என்கிட்ட சர்டிபிகேட்டா கேட்டாரு? கோயிலுக்கு முன்னாடியா தாண்டியான்னுதான் கேட்டாரு. 2025 ஏப்ரல்ல காலனிங்கற வார்த்தையை அரசுப் பதிவுல இருந்து எடுக்கறோம்னு முதலமைச்சர் சட்டசபையில சொன்னாரு. நல்லதுதான், அந்த வார்த்தை வசவா ஆகிப் போச்சு. வார்த்தை போனாலும் மாரியம்மன் கோயில் அங்கயேதான் இருக்கும், தாண்டியான்னு கேக்க வழி இருக்கும்.

சட்டம் எல்லாம் பேப்பர்ல பக்காவா இருக்கு. 17வது பிரிவு தீண்டாமையை ஒழிச்சாச்சுங்குது. 15வது பிரிவு கடை, ஹோட்டல், கெணறு, கொளம், ரோடுன்னு ஒவ்வொண்ணா பேரு சொல்லி யாரையும் தடுக்கக் கூடாதுங்குது. கெணறு கொளம்னு இவ்ளோ நுணுக்கமா ஏன் எழுதணும்? 1927 மார்ச் 20ல மகாட்ங்கற ஊர்ல சவ்தார் கொளத்துல ஆயிரக்கணக்கான ஜனங்களோட இறங்கி ஒரு கை தண்ணி அள்ளிக் குடிச்சவரு அவரு. அந்தக் கொளத்துல எல்லாரும் தண்ணி எடுக்கலாம்னு ஊர் முனிசிபாலிட்டி அதுக்கு முன்னாடியே தீர்மானம் போட்டாச்சு, ஆனா போய் எடுத்தவன் யாரும் இல்ல. இவங்க குடிச்சதுக்கு அப்பறம் தயிர், பால், சாணி, மாட்டு மூத்திரம் எல்லாம் 108 குடத்துல கலந்து ஊத்தி கொளத்தை சுத்தம் பண்ணாங்களாம். ஆடு மாடு குடிச்சப்ப தீட்டாவாத தண்ணி! கோர்ட்ல கேஸ் முடிய 1937 ஆச்சு.

அதெல்லாம் அந்தக் காலம்னு யாராவது சொன்னா நான் மகாடுக்கெல்லாம் போவ மாட்டேன், வாணியம்பாடி பக்கத்துல நாராயணபுரம் போதும். 2019 ஆகஸ்ட்ல அங்க செத்துப் போன ஒருத்தரு உடம்பை பாலாத்துப் பாலத்து மேல இருந்து கயிறு கட்டி கீழ இறக்கினாங்க, பாடையோட. சுடுகாட்டுக்குப் போற வழி மத்தவங்க நிலத்துல இருக்கு, வழி விடல. அந்த வீடியோவை நீங்களும் பாத்திருப்பீங்க, மாலையோட அந்தப் பாடை காத்துல ஆடிகினே இறங்கும், கீழ நாலு பேரு கையைத் தூக்கிகினு நிப்பாங்க. சென்னை உயர் நீதிமன்றம் தானாவே வழக்கா எடுத்து, ஏன் தனித்தனி சுடுகாடுன்னு கேட்டுச்சு. 1949 நவம்பர் 25ல அரசியல் நிர்ணய சபையில அம்பேத்கர் சொன்னாரே, ஜனவரி 26ல இருந்து நாம ஒரு முரண்பாடான வாழ்க்கைக்குள்ள போறோம், அரசியல்ல சமத்துவம் இருக்கும், சமூக வாழ்க்கையிலயும் பொருளாதாரத்துலயும் இருக்காதுன்னு. அந்தப் பாடையில போனவரு ஓட்டுக்கும் வழி விட்டவரு ஓட்டுக்கும் விடாதவரு ஓட்டுக்கும் மதிப்பு ஒண்ணுதான், சுடுகாட்டுக்குப் போற வழிதான் வேற.

நடுவுல ஒரு சின்ன விஷயம், 2022 மே மாசம் ஆம்பூர்ல பிரியாணித் திருவிழா வெக்கறோம்னாங்க. ஆம்பூர் பிரியாணிக்கு இல்லாத விழாவான்னு நாங்களும் கத்திரிக்கா தொக்கை நெனச்சு சந்தோஷமா இருந்தோம். லிஸ்ட்ல மாட்டுக்கறி பிரியாணி இல்ல. ஊர்ல நிறைய பேரு சாப்பிடறது அது. ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் இது பாகுபாடுன்னு நோட்டீஸ் விட, விழா மழையைக் காரணம் காட்டி தள்ளிப் போச்சு. பிரியாணியிலயும் மேல் தட்டு கீழ் தட்டு உண்டுன்னு அன்னைக்குத் தெரிஞ்சுகிட்டோம்.

எங்க ஊர்ல சிலை கூண்டுக்குள்ளதான் நிக்குது. ஏப்ரல் 13 ராத்திரி பசங்க பூட்டைத் திறந்து கோட்டுக்கு நீல பெயிண்ட் அடிப்பாங்க, கண்ணாடிக்கு கருப்பு, மறுநாள் மாலை போட்டு கலர் பேப்பர் கட்டி, திரும்ப பூட்டிடுவாங்க. வெளியூர்க்காரங்க பாத்துட்டு "அவரு என்னமோ ஜெயில்ல இருக்கற மாதிரி இருக்கே"ன்னு கிண்டல் பண்ணுவாங்க. கம்பி போட்டது சிலையை உடைக்கறவனுக்காக, உடைக்கறவன் பெரும்பாலும் உச்சித் தட்டுல இருந்து வரதில்ல, ஒரு படி மேல இருக்கற பக்கத்துத் தெருவுல இருந்துதான் வரான். அதுவும் அவரு எழுதி வெச்சதுதான்.

படிக்கணும்னு நினைக்கறவங்க தலையணை சைஸ் தொகுதியில ஆரம்பிக்காதீங்க, பயந்து மூடி வெச்சிடுவீங்க. 1916 கட்டுரை சின்னது, ஒரு சாயங்காலத்துல முடிச்சிடலாம், அப்பால 1936 உரை. ரெண்டும் தமிழ்ல கெடைக்குது. எங்க கிளாஸ்ல மொதல்ல 1916 கட்டுரையை சத்தமா படிச்சோம், பாதியில கரண்ட் போச்சு, செல்லு டார்ச்சை அடிச்சுகினு மீதியை முடிச்சோம். அகமணம்ங்கற வார்த்தை வந்ததும் ஒரு பையன் "அப்படின்னா மாமன் பொண்ணைக் கட்டறதா சார்?"னான். இல்லடா, மாமன் பொண்ணோ தெரியாத பொண்ணோ, சாதி ஒண்ணா இருந்தா அது அகமணம்னேன். "அப்ப எங்க ஊர்ல லவ் மேரேஜ் கூட அகமணம்தான் சார், விசாரிச்சுட்டுதான் லவ்வே பண்றானுங்க"ன்னான். எல்லாரும் சிரிச்சோம், அப்பறம் யாரு யாரு எப்படி விசாரிச்சாங்கன்னு பேச்சு போய், கரண்ட் வந்தும் யாரும் கவனிக்கல. மேல நான் எழுதினதுல பாதி அன்னைக்கு அந்த இருட்டுல அவங்க பேசினதுதான்.